2 மி.கி. நிக்கோட்டின் சுயிங்கம் வேலை செய்யலை: 4 மி.கி.க்கு மாறணுமா?

முத்தியால்பேட்டை வாசி
பெரியப்பா மகன், வயசு 41, பாரீசிலிருந்து வந்திருக்கார். தை முடியும்வரை புதுச்சேரியில்தான் இருப்பார். அங்கே பாட் வகை வேப் (சின்ன இ-சிகரெட்), 20 மி.கி./மி.லி. நிக்கோட்டின் சால்ட் திரவம், நாளைக்கு 2 மி.லி. அளவு காலியாகும். இங்கே தடை என்பதால் கொண்டுவரவில்லை. மெடிக்கலில் 2 மி.கி. சுயிங்கம் வாங்கிக் கொடுத்தேன். தொண்டை எரியுது, விக்கல் வருது, ஏக்கம் மட்டும் அடங்கலைங்கிறார். 2 × 20 = 40 மி.கி. என்றால் நாளைக்கு 20 சுயிங்கம் போடணுமா? இல்லை 4 மி.கி.யா? சுகர், பிரஷர், இதயக் கோளாறு எதுவும் இல்லை.

மெடிக்கல் கவுண்ட்டர், வில்லியனூர்
முதலில் அந்தப் பெருக்கலை விடுங்க. 40 மி.கி. என்பது திரவத்தில் இருக்கும் அளவு. ரத்தத்தில் சேருவது அதில் ஒரு பங்குதான். அதுவும் மெஷினின் சூடு, இழுப்பின் நீளம், புகையை உள்ளே நிறுத்தும் நேரம் என்று ஆளுக்கு ஆள் மாறும். சுயிங்கத்திலும் அப்படித்தான்: 2 மி.கி. போட்டால் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும். ரெண்டு பக்கமும் நிலையில்லாத எண்ணை வைத்து வகுத்தால் வரும் விடையில் அர்த்தம் இல்லை.

எரிச்சல், விக்கல், கூடவே அடங்காத ஏக்கம். மூணும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மெல்லும் முறைதான் தப்பு. சாதா சுயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போயிடும். அங்கே போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைச்சிடும். மிச்சம் வயிற்றுப் புரட்டலும் விக்கலும்தான். இது கன்னத்தின் உள்தோல் வழியா ஏற வேண்டிய மருந்து. மெதுவா மெல்லச் சொல்லுங்க. மிளகு கடிச்ச மாதிரி சுள்ளுன்னதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கணும். காரம் தணிஞ்சதும் மறுபடி ரெண்டு மூணு மெல்லு, இந்தத் தடவை மறு கன்னம். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். எச்சிலை அடிக்கடி விழுங்கக் கூடாது.

போடுவதற்கு 15 நிமிஷம் முன்னாடியிலிருந்து காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், பன்னீர் சோடா எதுவும் வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் தோல் வழியா ஏறாது. 'சுயிங்கம் வேஸ்ட்'னு திருப்பிக் கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் காபி குடிச்ச கையோடு போட்டவங்கதான்.

இப்ப அளவு. எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் இழுப்பு?

முத்தியால்பேட்டை வாசி
பல் தேய்க்கும் முன்னாடியே. பத்து நிமிஷம்கூட ஆகாது.

மெடிக்கல் கவுண்ட்டர், வில்லியனூர்
அப்ப 4 மி.கி.தான். எழுந்து 30 நிமிஷத்துக்குள் தேடினால் 4, அதுக்கு அப்புறம் என்றால் 2. இந்த விதி சிகரெட்டுக்காக எழுதினது. வேப்புக்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. 2 மி.கி. சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேணும். ஜிப்மரிலோ, கடலூர் பக்கம் என்றால் அரசு தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் கேட்கலாம். 1800-11-2356 புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணமில்லை.

முதல் 6 வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஏக்கம் வந்தபின் போட்டால் தாமதம்தான். வேப் மாதிரி உடனே ஏறாது. 7–9 வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒண்ணு, 10–12 வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒண்ணு. நாளைக்கு 24ஐத் தாண்டக் கூடாது. தலைசுத்தல், குமட்டல், படபடப்பு, வியர்வை வந்தால் அளவு கூடிப்போச்சு, துப்பிடணும். சிடுசிடுப்பு, தூக்கமின்மை, கவனம் நிலைக்காமை என்றால் அளவு குறைவு.

திருப்பாதிரிப்புலியூர் தி
ஒட்டும் பேட்ச்சையும் டாக்டரிடம் கேளுங்க அண்ணே. நாள் முழுக்க அடிமட்ட அளவைப் பேட்ச் பார்த்துக்கும், திடீர்னு கிளம்பும் ஏக்கத்துக்குச் சுயிங்கம். தனித்தனியா எடுப்பதைவிட ரெண்டும் சேர்ந்தது நல்லா பிடிக்கும். 21, 14, 7 மி.கி. என்று இறங்குமுகம். நம்ம ஊர் வியர்வைக்கு ஓரம் கிளம்பும்: எண்ணெய், க்ரீம் இல்லாமல் துடைச்சு, நல்லா காஞ்சபின் முடியில்லாத மேல்கையில் வச்சு உள்ளங்கையால் 10 விநாடி அழுத்தணும். தினம் இடம் மாத்தணும், இல்லைன்னா அரிப்பு. வெந்நீர் ஒத்தடம் அது மேல வேண்டாம், சூட்டில் மருந்து வேகமா இறங்கும்.

வேப்போடு சிகரெட்டும் உண்டா? உண்டென்றால் ஃபில்டர் காபியைப் பாதியாக்கணும். சிகரெட் புகையின் தார்தான் காபியில் இருக்கும் கஃபீனைச் சிதைக்கும் என்ஸைமைத் தூண்டுது. நிறுத்தினால் அதே ரெண்டு டம்ளர் காபி கூடுதலா ஏறி, கை நடுங்கும். அதை நிக்கோட்டின் ஏக்கம்னு தப்பா எடுத்துக்குவாங்க. வேப் மட்டும்னா இந்தக் கணக்கு கிடையாது.

முத்தியால்பேட்டை வாசி
வேப் மட்டும்தான். இன்னொண்ணு: '5%' என்று போட்ட டிஸ்போசபிள் வேப் வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றார். 5 என்பது 20ஐவிடக் குறைவுதானே?

மெடிக்கல் கவுண்ட்டர், வில்லியனூர்
இல்லை. 1% என்றால் 10 மி.கி./மி.லி. ஆக 5% = 50 மி.கி./மி.லி., அவர் இழுத்ததைவிட இரண்டரை மடங்கு. ஐரோப்பாவில் சட்டப்படி உச்சமே 20தான். சால்ட்டில் பென்சாயிக் அமிலம் கலந்து தொண்டைக் காரத்தைக் குறைச்சிருப்பாங்க, அதனால் அளவு ஏறுவது தொண்டைக்குத் தெரியாது. கள்ளத்தனமா வருவதில் லேபிள் எண்ணையே நம்ப முடியாது. 2019 இ-சிகரெட் தடைச் சட்டப்படி விற்பனை, இறக்குமதிக்கு முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். இருப்பு வைத்திருப்பதும் குற்றம். வேண்டாம்.

முத்தியால்பேட்டை வாசி
சரி, தொடமாட்டோம். திரும்பிப் போனதும் அங்கே பழையபடி 20லேயே ஆரம்பிச்சிடுவார் என்று பயம்.

திருப்பாதிரிப்புலியூர் தி
அதுக்குள்ள விட்டிருந்தால் மறுபடி தொடாமல் இருப்பதே மேல். தொட்டே தீருவார் என்றால் 20 பழக்கம் விட்டுப்போன உடம்புக்குக் கூடுதல். 6 அல்லது 10 போதும். மெஷினையும் பார்க்கணும். சிகரெட் மாதிரி இறுக்கமா இழுக்கும் சின்ன பாட் மெஷினுக்குத்தான் 10–20. மின்தடை ஒரு ஓமுக்குக் கீழ் உள்ள காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) போட்ட, மேகம் மாதிரி புகை விடும் பெரிய மெஷினில் 3–6தான். அதில் 20 ஊத்தினால் சில இழுப்பிலேயே வாந்தி வரும். அளவை ஒரேயடியாகக் குறைச்சால் நீளமா, அடிக்கடி இழுத்து ஈடுகட்டிடுவாங்க. நாளைக்கு எத்தனை மி.லி. போகுதுன்னு குறிச்சுவச்சு, மி.லி. ஏறாமல் இருந்தால்தான் அடுத்த படி இறங்கணும்.

முத்தியால்பேட்டை வாசி
நாளைக்கே டாக்டரிடம் போறோம். பேட்ச் போட்டுத் தூங்கினால் கெட்ட கனவு வரும்னு சொல்றாங்களே?

மெடிக்கல் கவுண்ட்டர், வில்லியனூர்
சிலருக்கு வரும். வந்தால் படுக்கும்போது கழட்டிடலாம். ஆனா காலையில் புதுசு ஏற நேரமாகும்; எழுந்ததும் ஒரு சுயிங்கம். கழட்டினதில் இன்னும் நிக்கோட்டின் இருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடிச்சு, குழந்தைகளும் நாயும் எடுக்காத குப்பையில் போடுங்க.