"எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு

கரண்ட் போய்விட்டது. "எப்போ வரும்?" பதில் சொன்ன மறுநொடி அதே கேள்வி. ஆட்டிசம் உள்ள பிள்ளை இப்படிக் கேட்டால் தயவுசெய்து அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருட்டைவிட, அது எப்போது முடியும் என்று தெரியாததுதான் பிள்ளையை வதைக்கிறது. எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற இந்தத் தவிப்பை 1943-லேயே குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் எழுதிவைத்திருக்கிறார்.

"இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறாவது நிமிடம் கரண்டும் இல்லை, உங்கள் பேச்சுக்கு மதிப்பும் இல்லை. அடுத்த முறை நீங்கள் தெரிந்தே சொன்னாலும் பிள்ளை நம்பாது. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்:

எப்போது வரும் என்று அம்மாவுக்கும் தெரியாது.
வரும்வரை எமர்ஜென்சி லைட், பசில்.
பசில் முடிந்தும் வராவிட்டால் லைட் வெளிச்சத்தில் தோசை.

கரண்ட் வரும் நேரம் தெரியாவிட்டாலும் நாம் செய்யப்போவது தெரிகிறது. பிள்ளை பிடித்துக்கொள்ள அது போதும். திரும்பக் கேட்டால் வாயால் பதில் வேண்டாம், தாளைக் காட்டுங்கள். வாயால் சொன்னால் ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும். அந்த மாற்றமே அடுத்த குழப்பம்.

* * *

மேலே சொன்ன தாளோடு ஒரு கேள்விக்குறி அட்டையும் வேண்டும். கெட்டி அட்டையில் வெல்க்ரோ ஒட்டி, அன்றைய வேலைகளுக்கு நான்கைந்து படங்கள், முடிந்த படத்தைப் போட ஒரு டப்பா. இது பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதில் ஒரு படத்துக்குப் பதிலாக "?" வையுங்கள்; என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாத இடம் அது. முன்னும் பின்னும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த வேலை இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் "?" வந்தால் பிடித்தது மட்டும்தான்: சோப்பு நுரைக்குமிழி, ஊஞ்சல். அடுத்து, பிடித்ததும் இல்லை பிடிக்காததும் இல்லை என்கிற மாதிரி, துணி மடிப்பது. அதுவும் பழகிய பிறகே சின்ன ஏமாற்றம், "இன்னைக்கு பார்க் மூடியிருக்கு" அளவுக்கு.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊசி போடும் நாளில்தான் அட்டையை முதல்முறையாக ஒட்டுகிறார்கள். அன்றோடு அது பயமுறுத்தும் பொருளாகிவிடும், கண்டாலே பிள்ளை பிய்த்து எறியும். அப்படி ஆகிவிட்டால் அதே அட்டையோடு மல்லுக்கட்டாமல் வேறு நிறம், வேறு குறி என்று முதலிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு சிக்கல்: "4.00 டிபன்" என்று எழுதினால் 4.03-க்கு வீடு இரண்டாகும். "பள்ளி முடிந்ததும் டிபன்" என்று வரிசையை மட்டும் எழுதுங்கள்.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெற்றோருக்கென்று உருவாக்கிய பயிற்சியும் இதே வழிதான்: நிச்சயமின்மையை வாழ்க்கையிலிருந்து துடைத்தெடுக்கப் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கப் பழக்குவது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்து கொடுத்துக்கொண்டே இருந்தால், பிள்ளையால் போக முடிகிற இடங்கள்தான் குறைந்துகொண்டே வரும்.

* * *

பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள ஒருவருக்குக் காலை 10 மணிக்கு "சாயங்காலம் கொஞ்சம் பேசணும்" என்று மெசேஜ் போட்டால், அன்றைக்கு அவருக்கு வேறு வேலை ஓடாது. வயிறு பிசையும், சாப்பாடு இறங்காது. வெளியே அமைதியாகத்தான் தெரிவார். "ஒண்ணும் இல்ல, பயப்படாதே" என்பதால் பயன் இல்லை, அதில் தகவலே கிடையாதே.

எதைப் பற்றி, யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம், ஏதாவது தயார் செய்ய வேண்டுமா: இந்த நான்கும் மெசேஜிலேயே வந்துவிடட்டும். "ரிப்போர்ட் 2-ம் பக்கக் கணக்கு பற்றி. நீங்களும் நானும் மட்டும். 4.30-க்கு, 10 நிமிடம். எதுவும் கொண்டுவர வேண்டாம்."