விசா முடிய 11 நாள், கையில் பணம் இல்லை: மனித உரிமை அடிப்படையில் நீட்டிக்க முடியுமா?

இல்ஃபர்ட் தங்கை:
வணக்கம். லண்டன் வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, என் விசா இன்னும் 11 நாளில் முடிகிறது. கணவர் பிப்ரவரியில் வீட்டை விட்டுப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. அவரை வைத்துக் கிடைத்த விசா, இனி நீட்டிக்க முடியாது என்று நான் வேலை செய்யும் கடையில் சொன்னார்கள். மனித உரிமை அடிப்படையில் போடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார், ஃபீஸைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. வங்கியில் 640 பவுண்டு இருக்கிறது, அதில்தான் வாடகை கொடுக்க வேண்டும். பேசாமல் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடட்டுமா?

ஈஸ்ட் ஹாம் அண்ணன்:
தைரியமாக இரும்மா. நான் 2009இல் மாணவனாக வந்தபோது ஓர் அறையில் ஐந்து பேர், நான் கதவோரம் படுப்பேன், விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவர் காலை மிதித்துக்கொண்டுதான் போவார். ஆறு மாதம் அப்படி ஓடியது. அப்புறம் எல்லாம் சரியானது. முதலில் வேலையை விட்டுவிடாதே.

குரோய்டன்:
ஊருக்குப் போய் அங்கிருந்து புதிதாக வேறு விசாவுக்குப் போடுவதுதான் பாதுகாப்பு. இங்கே ஓவர்ஸ்டே ஆனால், அதாவது விசா முடிந்தும் தங்கினால், பிறகு விசா கிடைப்பது கஷ்டம்.

டூட்டிங்:
தயவுசெய்து போகச் சொல்லாதீர்கள், போனால் திரும்பி வருவது எளிதில்லை. தங்கச்சி, நீங்கள் போட வேண்டியது எச்ஆர்ஓ ஃபாரம், மனித உரிமை என்றால் அதுதான். என் அத்தானுக்கும் அதுவே. அவரிடம் ஓர் ஏஜென்ட் 900 பவுண்டு வாங்கிக்கொண்டு தப்பான ஃபாரத்தைப் போட்டுவிட்டான், திருப்பித் தரவும் இல்லை.

வெம்ப்ளி:
ஏஜென்டை விடுங்கள், அரசு வாங்குவதைச் சொல்லுங்கள். என்எச்எஸ் சர்சார்ஜ், அதான் அரசு மருத்துவ சேவைக்காக விசாவோடு வாங்கும் கட்டணம், 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு. இரண்டரை வருட விசாவுக்கு 2,587 பவுண்டு 50 பென்ஸ். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,321 ஆனது. சம்பளத்தில் வரியும் பிடிக்கிறார்கள், அதற்கு மேல் இது. அப்படியும் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், அப்பாயின்ட்மென்டுக்குக் காலை எட்டு மணியிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஈஸ்ட் ஹாம் அண்ணன்:
உண்மை. முன்பெல்லாம் இந்த சர்சார்ஜே கிடையாது.

ஹேரோ அக்கா:
அந்தப் பேச்சைப் பிறகு பேசலாம், அந்தப் பெண்ணுக்கு 11 நாள்தான் இருக்கிறது. தங்கை, நீங்கள் முக்கியமானதைச் சொல்லவில்லை. குழந்தை இருக்கிறதா? கணவர் பிரிட்டிஷ் குடிமகனா? அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது இப்படி ஏதாவது நடந்ததா? நடந்திருந்தால் பாதையே வேறு, குடும்ப வன்முறைக்கு ஆளானவர் என்று நேரடியாக நிரந்தர வதிவிடமே கேட்கலாம்.

இல்ஃபர்ட் தங்கை:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. அடிக்கவெல்லாம் இல்லை. அவர் பிரிட்டிஷ் சிட்டிசன். மகளுக்கு இரண்டு வயது, இங்கே பிறந்தவள், பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள்.

ஹேரோ அக்கா:
அப்படியானால் கேளுங்கள், டிக்கெட் எடுக்காதீர்கள். உங்கள் மகள் பிரிட்டிஷ். நீங்கள் அவளுடைய தாய் என்ற முறையில் போடலாம், அதற்கு எஃப்எல்ஆர் எஃப்பி ஃபாரம், குடும்ப வாழ்க்கை, தனிப்பட்ட வாழ்க்கை அடிப்படையில் தங்கக் கேட்பது. டூட்டிங் சொன்ன எச்ஆர்ஓ, குடும்ப வாழ்க்கை, தனிப்பட்ட வாழ்க்கை தவிர்த்த மற்ற மனித உரிமைக் காரணங்களுக்கு. உங்களுக்கு அது வேண்டாம்.

பணத்துக்கு வழி, ஃபீ வேவர், அதாவது கட்ட வசதியில்லை என்று காட்டிக் கட்டண விலக்கு கேட்பது. அதைத் தனியாக ஆன்லைனில் முதலில் போட வேண்டும், விசா முடிவதற்கு முன்பே. வேவர் முடிவு வந்ததும் 10 வேலை நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்பினால், வேவர் கேட்ட நாளையே விண்ணப்பித்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். 1971 குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு, தேதி முடிந்த பிறகும் பழைய அனுமதியைத் தொடர வைக்கும், வேலையும் செய்யலாம். கடைக்காரர் கேட்டால் விசா கொடுக்கும் ஹோம் ஆபீஸின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில், அதாவது ஒருவருக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று முதலாளி சரிபார்க்கும் சேவையில், பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தாலும் முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

வேவருக்கு வங்கிக் கணக்குதான் எல்லாம். நான் போட்டபோது ஆறு மாத ஸ்டேட்மென்டைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன், இது வாடகை, இது டயப்பர், இந்த 200 பவுண்டு அண்ணன் கடனாகக் கொடுத்தது என்று. எந்தக் கணக்கையும் மறைக்காதீர்கள், காலியான கணக்கையும் காட்டுங்கள்.

குரோய்டன்:
குழந்தை இருப்பது தெரியாமல் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டேன் தங்கச்சி, மன்னியுங்கள். மறுத்தாலும் பயப்படாதீர்கள், மனித உரிமை விண்ணப்பம் என்பதால் குடியேற்ற வழக்குகளைக் கேட்கும் ட்ரிப்யூனலுக்கு அப்பீல் போடலாம், 14 நாள் தருவார்கள்.

டூட்டிங்:
அக்கா சொன்னது சரி, ஃபாரம் விஷயத்தில் நான் தப்பு. ஏஜென்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். குடியேற்ற ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி, 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று இருந்தது, அதில் பதிவான ஆலோசகரா, இல்லை சொலிசிட்டரா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பதிவில்லாமல் ஆலோசனை கொடுப்பதே குற்றம்.

இல்ஃபர்ட் தங்கை:
இன்றைக்குத்தான் மூச்சு விடுகிறேன். வேவரை நாளை இரவே உட்கார்ந்து போடுகிறேன். மகள் என்னோடு இருப்பதற்கு என்ன காட்டுவது? வீட்டுக்கு வரும் கவுன்சில் டாக்ஸ் பில் கணவர் பெயரில்தான் வருகிறது.

ஹேரோ அக்கா:
குழந்தையின் ரெட் புக் இருக்கும் இல்லையா, தடுப்பூசி போட்டதெல்லாம் எழுதியிருப்பது, அதை எடுத்து வையுங்கள். ஜிபியிடம் அவள் பதிவில் உங்கள் முகவரிதான் இருக்கிறது என்று கடிதம் கேளுங்கள். நர்சரிக்குப் போகிறாள் என்றால், அவளை யார் கொண்டுவந்து விடுகிறார்கள், யார் கூட்டிப்போகிறார்கள் என்று லெட்டர்ஹெட்டில் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். நாளை காலை விடும்போதே கேட்டுவிடுங்கள், அவர்களுக்கும் இரண்டு மூன்று நாள் ஆகும்.