ஜிடிபில ஒரு மாதிரி, எல்எல்டிபில வேற மாதிரி: மேப், வெக்டர் காட்டுறதை ஒரே சீராக்க வழி இருக்கா?

பூக்கடை_கோடர் (வடபழஞ்சி, மதுரை)
வணக்கம். பூ மார்க்கெட் விலைப்பட்டியல் வச்சு ஒரு சி++ ப்ராஜெக்ட். மேப் (கீ, வேல்யூ ஜோடிகள்), வெக்டர் (நீளம் மாறக்கூடிய பட்டியல்) ரெண்டும் இருக்கு. எனக்கு உபுண்டு, டிபக்கர் (ப்ரோகிராமை நடுவுல நிறுத்தி உள்ள பார்க்கிற கருவி) ஜிடிபி. டீம்ல இன்னொருத்தருக்கு மேக், எல்எல்டிபி. டெஸ்ட் ஸ்கிரிப்ட் பிரேக்பாயிண்ட்ல (ப்ரோகிராம் நிக்கணும்னு நாம குறிச்ச இடம்) நின்னு, டிபக்கர் காட்டுற எழுத்தை அப்படியே பிடிச்சு ஒப்பிடுது.

என் பக்கம்: ["மல்லி"] = 820
அவர் பக்கம்: [0] = (ஃபர்ஸ்ட் = "மல்லி", செகண்ட் = 820)

இங்க வெக்டருக்கு "ஆஃப் லெங்த் 3, கெபாசிட்டி 4"னு வருது, அங்க வெறும் "சைஸ்=3". ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடுற பேட்டர்ன்) போட்டே ஓஞ்சுட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி வர ஏதாவது செட்டிங் இருக்கா?

திருநகர்_டிபக்
அப்படி ஒரு செட்டிங் கிடையாது தம்பி. அந்த வார்த்தைகளை எழுதுறது ஜிடிபி இல்ல. ஜிசிசி கம்பைலரோட சி++ லைப்ரரியான லிப்ஸ்டிடிசி++ கூட வர்ற பைத்தான் ப்ரிண்டர்கள்தான் எழுதுது. அதுக்குள்ளேயே வெக்டருக்கு "ஆஃப் லெங்த்", மேப்புக்கு "வித் 3 எலிமெண்ட்ஸ்". மேக்ல வேற சி++ லைப்ரரி, லிப்சி++. அதுக்கான ஃபார்மேட்டர் எல்எல்டிபிக்குள்ளேயே இருக்கு. டிபக்கர்ல எப்படிக் காட்டணும்னு சி++ ஸ்டாண்டர்டு எதுவும் சொல்றதில்ல. நாளைக்கு ஜிசிசி வெர்ஷன் ஏத்துனா வாசகம் மாறலாம், உங்க ரெஜெக்ஸ் மறுபடி படுத்துரும்.

எழுத்தை விட்டுட்டு மதிப்பைக் கேளுங்க. ஜிடிபி பைத்தான்ல டிஃபால்ட்_விஷுவலைசர்னு ஒரு ஃபங்ஷன். அது தர்ற ப்ரிண்டர்கிட்ட சில்ட்ரன்ங்கிற ஃபங்ஷனைக் கூப்பிட்டா உறுப்புகள் ஒவ்வொண்ணா வரும். டிஸ்ப்ளே_ஹிண்ட் 'மேப்'னு சொன்னா ஒண்ணுவிட்டு ஒண்ணு கீ, வேல்யூனு வரும். ரெண்டு ரெண்டாச் சேர்த்துக்கங்க. எல்எல்டிபில ஒரு மதிப்பைக் குறிக்கிற எஸ்பிவேல்யூவோட கெட்சைல்ட்அட்இண்டெக்ஸ் ஃபங்ஷன். அங்க ஒவ்வொரு சைல்டும் ஒரு ஜோடி, அதுக்குள்ள ஃபர்ஸ்ட், செகண்ட். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜேசானா (டேட்டாவை எழுதுற பொது வடிவம்) எழுதிட்டு அதை ஒப்பிடுங்க.

வைகை_பிட்ஸ்
அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. அன்ஆர்டர்டு_மேப் (வரிசை உறுதியில்லாத மேப்) இருந்தா கீயை வரிசைப்படுத்திட்டுத்தான் ஒப்பிடணும். இங்க மல்லி, பிச்சி, முல்லைனு வர்றது அங்க முல்லையில ஆரம்பிக்கலாம். கெபாசிட்டியை (வெக்டருக்கு ஒதுக்கி வச்ச இடம்) ஜேசான்ல சேர்க்கவே சேர்க்காதீங்க, லைப்ரரிக்கு லைப்ரரி மாறும்.

அப்புறம், ஜிடிபி பிரிண்ட் பண்றப்போ வழக்கமா 200 உறுப்போட நிறுத்திக்கும். சில்ட்ரன் வழியாப் போனா அந்தத் தொல்லை இல்ல.

பூக்கடை_கோடர்
ரொம்ப நன்றிண்ணே. மேப், வெக்டர் ரெண்டும் சரியா வந்துருச்சு. ஆனா ஸ்டிடி அரேக்கு (நீளம் மாறாத பட்டியல்) மட்டும் விஷுவலைசர் 'நன்'னு (பைத்தான்ல ஒண்ணுமில்லைனு அர்த்தம்) வருது. ஆபீஸ் சர்வர்ல எல்லாத்துக்குமே 'நன்'தான், வெக்டரைப் பிரிண்ட் பண்ணா _எம்_ஸ்டார்ட், _எம்_ஃபினிஷ்னு உள்குடலெல்லாம் வெளிய தெரியுது.

திருநகர்_டிபக்
ரெண்டும் வேற வேற. அரேக்கு உங்க வெர்ஷன்ல ப்ரிண்டர் இல்ல, அவ்வளவுதான். _எம்_எலெம்ஸ்ங்கிற ஃபீல்டை நேரா எடுத்துக்கங்க.

சர்வர்ல ப்ரிண்டர் லோடே ஆகல. 'இன்ஃபோ ப்ரெட்டி-ப்ரிண்டர்' போட்டுப் பாருங்க, பட்டியல்ல லிப்ஸ்டிடிசி++ இருக்காது. ஜிசிசியை வேற ஃபோல்டர்ல இன்ஸ்டால் பண்ணியிருந்தா ஆட்டோ-லோட் சேஃப்-பாத் (எந்த ஃபோல்டர் ஸ்கிரிப்டை ஜிடிபி நம்பலாம்ங்கிற பட்டியல்) அதைத் தடுக்கும். ஜிடிபி தொடங்குறப்போ ஒரு வார்னிங்கும் வந்திருக்கும், யாரு படிக்கிறா! அந்த ஃபோல்டரை ஹோம்ல இருக்கிற .ஜிடிபிஇனிட் ஃபைல் (ஜிடிபி தொடங்குறப்போ படிக்கிற செட்டிங் ஃபைல்) வழியா அந்தப் பட்டியல்ல சேர்த்துருங்க. ஸ்கிரிப்ட்லயும் 'நன்' வந்தா எரர் அடிச்சு நிக்கிற மாதிரி வைங்க. இல்லாட்டி என்னைக்காவது ரெண்டு பக்கமும் காலி ஜேசான் வந்தா, டெஸ்ட் பாஸ்னு பச்சை காட்டிட்டுப் போயிரும்.