வாஃபிள் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிய்கிறது, அவசரம்!

செல்லக்கிளி | வெள்ளி இரவு 8.40

வணக்கம். நாளைக்குப் பையனுக்குப் பிறந்தநாள். கேக் வேண்டாம், அம்மா செய்த வாஃபிள்தான் வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சாயங்காலத்திலிருந்து ஐந்து முறை வாஃபிள் மெஷினில் மாவை ஊற்றிப் பார்த்துவிட்டேன், ஐந்தும் வீண். மூடியைத் திறந்தால் மேல் பாதி மேலேயே ஒட்டிக்கொள்கிறது, கீழ்ப் பாதி கீழே. நடுவில் களி மாதிரி இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் போட்டேன். எங்கே தப்பு? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மதுரைமல்லி | 8.46

எந்த மெஷின்? என்னென்ன போட்டீர்கள், எவ்வளவு? எத்தனை நிமிடம் மூடி வைத்தீர்கள்? முட்டை உண்டா? "எல்லாம் சரியாகப் போட்டேன்" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது தோழி.

பன்பட்டர்ஜாம் | 8.49

எண்ணெய் தடவியிருக்க மாட்டீர்கள். நான்ஸ்டிக் என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி ஊற்றினால் இப்படித்தான் ஆகும். பள்ளம் பள்ளமாக இருப்பதால் ஒவ்வொரு மூலையிலும் பிரஷ்ஷால் தடவ வேண்டும்.

தஞ்சை_அடுப்படி | 8.55

வாஃபிள் பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் வாஃபிள் என்று நினைப்பது அமெரிக்கப் பாணி, சோடா போட்டு உப்ப வைப்பது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வாஃபிளுக்கு ஈஸ்ட் போட்டு மாவைப் பொங்க வைப்பார்கள், நீள்சதுரமாக, லேசாக, மொறுமொறுவென்று வரும். லியேஜ் வாஃபிளுக்கு மாவைப் பிசைந்து அதில் முத்துச் சர்க்கரையை, அதாவது சின்னச் சின்னக் கட்டியாக இருக்கும் சர்க்கரையை, பதிப்பார்கள். ஈஸ்ட் போட்டு இரவு முழுக்கப் புளிக்க வையுங்கள், ஒட்டாது. தோசை மாவு புளிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை.

பன்பட்டர்ஜாம் | 8.58

ஐயா, அவர் முதல் முறை செய்கிறார், நாளைக்குப் பிறந்தநாள். இந்த நேரத்தில் ஈஸ்ட்டுக்கு எங்கே போவார்?

தஞ்சை_அடுப்படி | 9.01

அடிப்படை தெரியாமல் செய்யக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

மின்சாரக்கண்ணன் | 9.03

மெஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எத்தனை வாட்? 700, 750 வாட் என்றால் தட்டு சூடாக நேரம் எடுக்கும். குளிர்ந்த மாவை ஊற்றியதும் சூடு இறங்கிவிடும், மறுபடி ஏற இன்னும் நேரம் ஆகும். மாவு வேகாமல் தட்டில் பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குறைந்த வாட் மெஷின் என்றால் காலியாகவே பத்து நிமிடம் காய வையுங்கள். இன்னொன்று, ஐந்து முறை ஒட்டியிருக்கிறது என்றால் பள்ளங்களில் கருகியது மிச்சம் இருக்கும். அதன் மேல் எத்தனை நல்ல மாவை ஊற்றினாலும் ஒட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊற விட்டு, மரக்குச்சியால் எடுங்கள். கத்தியோ கம்பி நாரோ தொடக் கூடாது, பூச்சு போய்விடும்.

செல்லக்கிளி | 9.12

சாதாரண மெஷின்தான், சாண்ட்விச்சும் போடலாம், தட்டு மாற்றிக்கொள்ளலாம். 750 என்று போட்டிருக்கிறது. எண்ணெய் தடவினேன். முட்டை போட மாட்டோம், மாமியார் சாப்பிட மாட்டார். மாவு மைதாதான். மற்றதெல்லாம் ஒரு வீடியோவில் பார்த்தபடி.

மதுரைமல்லி | 9.14

அந்த "மற்றதெல்லாம்" என்ன? முட்டைக்குப் பதில் என்ன போட்டீர்கள்? உப்புவதற்கு என்ன? வெந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

சிறுதானியச்சிட்டு | 9.17

மைதாவே வேண்டாம் சகோதரி. கேழ்வரகு மாவில் செய்யுங்கள், குழந்தைக்கு நல்லது.

பன்பட்டர்ஜாம் | 9.18

கேழ்வரகில் மைதா போல இழுவை கிடையாது. முழுக்க அதிலேயே செய்தால், முட்டையும் இல்லாமல், முதல் தடவையே உதிர்ந்து போகும். பிறகு ஒரு நாள் பாதிக்குப் பாதி முயலட்டும்.

செல்லக்கிளி | 9.25

ஒன்றரைக் கப் மைதா, கன்டென்ஸ்டு மில்க் அரை டப்பா, சர்க்கரை அரைக் கப், பால், உருக்கின வெண்ணெய். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது, அதே அளவு ஆப்ப சோடா போட்டேன், இரண்டு தேக்கரண்டி. பச்சை விளக்கு வந்ததும் திறந்தேன், மூன்று நிமிடம் இருக்கும்.

மதுரைமல்லி | 9.41

இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. பயப்படாதீர்கள், மெஷினில் குறை இல்லை. நான் முதலில் வாங்கியபோது இதே போல அழாத குறையாக நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒட்டுவதற்குப் பெரிய காரணம் சர்க்கரை. கன்டென்ஸ்டு மில்க்கில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான். அதற்கு மேல் அரைக் கப் வேறு. அத்தனையும் சூட்டில் பாகாகிப் பள்ளங்களில் பசை போலப் பிடித்துக்கொள்ளும். இனிப்பு மேலே ஊற்றும் தேனிலோ வெல்லப்பாகிலோ இருக்கட்டும், மாவில் ஒரு மேசைக்கரண்டி போதும்.

அப்புறம் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு ஒரு புளிப்புப் பொருளையும் சேர்த்தது. வெறும் சோடாவுக்கு நீங்கள்தான் புளிப்பைக் கொடுக்க வேண்டும். உங்கள் மாவில் தயிரும் இல்லை, மோரும் இல்லை. அதே அளவு போட்டதால் சோப்பு வாடை அடித்திருக்குமே? புளிப்பில் அடங்காத சோடா மாவைச் சீக்கிரம் சிவக்க வைத்துவிடும். வெளியே பழுப்பாக, உள்ளே பச்சையாக. நிறத்தைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள்.

பச்சை விளக்கு விஷயம்தான் ரொம்ப முக்கியம். பல மெஷின்களில் அந்த விளக்கு "தட்டு சூடாகிவிட்டது" என்று சொல்கிறது, "வாஃபிள் வெந்துவிட்டது" என்று சொல்வதில்லை. மாவை ஊற்றினால் சூடு இறங்கி அணைகிறது, சூடு ஏறினால் மறுபடி வருகிறது. அதை நம்பாதீர்கள், ஆவியைப் பாருங்கள். ஓரங்களில் புகை போல ஆவி வந்துகொண்டே இருக்கும். அது நன்றாகக் குறைந்து, கிட்டத்தட்ட நிற்கும்போது மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் வற்புறுத்தாமல் மூடிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். உங்கள் 750 வாட்டுக்கு ஆறேழு நிமிடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

இனி அளவு. பேக்கிங் பவுடர் இல்லையென்றாலும் பரவாயில்லை, தயிரை வைத்துச் செய்துவிடலாம். ஒன்றேகால் கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி மட்டும். இதெல்லாம் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் சற்றே புளித்த தயிர் ஒரு கப், பால் கால் கப், வாடையில்லாத எண்ணெய் கால் கப். கப் என்றால் 240 மில்லி, வீட்டு டம்ளர் பெரும்பாலும் அதைவிடச் சின்னது, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும். தயிர், பால் எதுவும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரில் இருக்க வேண்டாம்.

தட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டையும் கலக்க வேண்டும், சோடா தயிரைத் தொட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் ரப்பர் மாதிரி வரும். இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் சரி, கட்டியாகத் தெரிந்தால் ஒரு கை பால் தெளியுங்கள். ஊற்றும்போது பள்ளம் நிறைய ஊற்றாதீர்கள், நடுவில் விட்டுப் பரப்பினால் முக்கால் பாகம் மூடினால் போதும்.

வெந்ததைத் தட்டில் அடுக்காதீர்கள், ஆவி அடியில் தங்கி நமத்துவிடும். கம்பி வலை மேல் தனித்தனியாக வையுங்கள்.

பன்பட்டர்ஜாம் | 9.47

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயா? மணமே போய்விடுமே அக்கா.

மதுரைமல்லி | 9.52

வெண்ணெயில் தண்ணீரும் பால் திப்பியும் உண்டு. தட்டில் தடவினால் அந்தத் திப்பி கருகிப் பிடிக்கும். மணம் வேண்டுமானால் மாவில் பாதி எண்ணெய், பாதி நெய் போடலாம், நெய்யில் திப்பி இல்லை. தட்டில் தடவ எண்ணெய்தான். டப்பாவில் வரும் ஸ்ப்ரே வேண்டாம், நாளாக நாளாக நான்ஸ்டிக் மேல் பிசினாகப் படியும்.

யாழ்_வடலி | 10.05

இதை வாசிக்க அம்மம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. இலங்கையில் ஏப்ரல் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸும் அச்சில்தான் வரும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, அச்சை எண்ணெயில் காயவிட்டு, மாவில் தோய்த்துப் பொரிப்பது. அச்சு காயாவிட்டால் மாவு பிடிக்காது, அளவுக்கு மீறிக் காய்ந்தால் வழுகிவிடும். கொக்கிஸ் என்ற சொல்லே ஒல்லாந்தரின் 'கூக்யஸ்' என்பதிலிருந்து வந்தது. வாஃபிளுக்கும் அவர்களின் சொல் 'வாஃபல்'. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாஞ்சில்_தென்னை | 10.11

அது அச்சு முறுக்கு! கிறிஸ்துமஸுக்கு எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு சுடுவோம். மலையாளத்தில் அச்சப்பம். ஒல்லாந்தர் கொண்டுவந்தார்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் எந்த ஊர்ப் பொருள்?

யாழ்_வடலி | 10.16

பொருள் எங்களுடையது, அச்சு அவர்களுடையது என்கிறேன் அண்ணா. யாழ்ப்பாணக் கோட்டையை அவர்கள் பிடித்தது 1658-இல். நூறு வருடத்துக்கும் மேல் இருந்தவர்கள் ஒரு பலகாரம்கூட விடாமல் போயிருப்பார்களா?

தஞ்சை_அடுப்படி | 10.20

எண்ணெயில் பொரிப்பது வேறு, இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் வைத்துச் சுடுவது வேறு. ஒன்றை ஒன்றோடு போட்டுக் குழப்பாதீர்கள். தலைப்பு வாஃபிள்.

நாஞ்சில்_தென்னை | 10.24

அச்சு அச்சுதான் சார். வாஃபிளுக்கும் கரண்ட் வருவதற்கு முன்னால் அடுப்பு மேல் வைக்கிற இரும்பு அச்சுதானே இருந்தது?

தஞ்சை_அடுப்படி | 10.31

இருந்தது. 1869-இல் அமெரிக்காவில் ட்ராய் நகரத்து கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் அடுப்பு மேல் வைத்துத் திருப்பும் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஐரோப்பாவில் நீளக் கைப்பிடி வைத்த அச்சு உண்டு. ஆனால் ஒன்றிலும் எண்ணெய்ச் சட்டி கிடையாது. அதைத்தான் சொல்கிறேன்.

மதுரைமல்லி | 10.38

செல்லக்கிளி, இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள், ஆனால் வடலி சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அச்சு காயாமல் மாவைத் தொட வைக்கக் கூடாது. உங்கள் தட்டுக்கும் அதேதான். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ள வேண்டும். தட்டைக் கழுவினீர்களா? இன்று ராத்திரியே ஒன்று சுட்டுப் பார்த்துவிடுங்கள், காலையில் பையன் முன்னால் பதற்றம் வேண்டாம்.

மின்சாரக்கண்ணன் | 10.44

தட்டு கழலும் என்றாரே, கழற்றியே கழுவலாம். ஆனால் ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

மதுரைமல்லி | சனி காலை 7.30

என்ன ஆனது? இருக்கிறீர்களா?

பன்பட்டர்ஜாம் | 9.05

குட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்!

செல்லக்கிளி | சனி மதியம் 2.20

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வந்துவிட்டது. முதலாவது மட்டும் பிய்ந்தது, அப்புறம் எட்டும் முழுசாக வந்தன. வாழைப்பழமும் தேனும் வைத்துக் கொடுத்தேன், அவன் மூன்று சாப்பிட்டான். மாமியாரும் ஒன்று. விருந்தாளிகள் இருக்கிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

மதுரைமல்லி | 2.26

மனசு நிறைந்தது தோழி. முதல் வாஃபிள் பலருக்கும் பிய்யும், கவலைப்படாதீர்கள். எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், 750 வாட் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும்.

தஞ்சை_அடுப்படி | 3.10

நல்லது. அடுத்த முறை ஈஸ்ட் போட்டுச் செய்து பாருங்கள்.

நாஞ்சில்_தென்னை | 3.42

வடலி, கிறிஸ்துமஸுக்கு நான் சுடும்போது படம் போடுகிறேன். நீங்களும் கொக்கிஸ் படம் போடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

புதுக்குடித்தனம் | ஞாயிறு இரவு 9.15

எனக்கும் இதே பிரச்சினை. எல்லாம் மதுரைமல்லி அக்கா சொன்னபடியே போட்டேன், ஆனாலும் ஒட்டுகிறது. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

மதுரைமல்லி | 9.22

எந்த மெஷின்? எத்தனை வாட்? ஆவி நின்ற பிறகா திறந்தீர்கள்?