லினக்ஸில் ரெண்டாவது மானிட்டர்: உங்களுக்கு என்ன நடந்தது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்
எங்களது தமிழ் மீடியம். கேரளா அரசுப் பள்ளின்னா லேப்டாப்ல லினக்ஸ்தான், தெரியுமே. எட்டாம் கிளாஸ், ஒளிச்சேர்க்கை பாடம். எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினா பெரிய திரையில வெறும் வால்பேப்பர். பாடம் பிடிஎஃப் என் லேப்டாப்ல மட்டும். மூணு தடவை பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். மவுஸை ஆத்திரத்துல வலப்பக்கம் தள்ளினேன் பாருங்க, அம்பு மட்டும் பெரிய திரை ஓரத்துல எட்டிப் பாத்துச்சு. கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன், "டீச்சர், விண்டோவைப் பிடிச்சு அந்தப் பக்கம் இழுத்து விடுங்க!" இழுத்தேன். இலை பாதி இங்க, பாதி அங்க நின்னுச்சு. கிளாஸே சிரிச்சுது. இன்னும் அந்தச் சிரிப்பு காதுல இருக்கு.

புளியரைக்காரன்
டீச்சருக்கு அம்பாவது வந்துச்சு. எனக்கு "நோ சிக்னல்" பெட்டிதான் திரையில மிதந்துச்சு. என் லேப்டாப்ல எச்டிஎம்ஐ ஓட்டை என்விடியா கிராபிக்ஸ் கார்டோட சேர்ந்தது, டிரைவர் ஏறாம அது முழிக்காது. டிரைவரைப் போட்டேன், ஒரு பாஸ்வேர்டு கேட்டுச்சு, குடுத்தேன், ரீஸ்டார்ட். நீலத் திரை வந்து ஏதாவது கீயை அழுத்துன்னு பத்திலேர்ந்து எண்ணுது. அந்த நேரம் பார்த்து அம்மா, "தோசை ஆறுது, வாலே"ன்னா. போயிட்டு வந்தா சாதாரணமா லாகின் திரை. கேபிள்தான் கோளாறுன்னு தென்காசிக்கு ரெண்டு நடை போனேன். அந்த நீலத் திரையில 'என்ரோல் மோக்' (இந்த டிரைவரோட சாவியை நம்புன்னு லேப்டாப்புக்குச் சொல்றது) குடுக்காததுதான் விஷயம். மறுபடி மோக்யூட்டில் கமாண்டை ஓட்டி அந்த நீலத் திரையை வரவச்சேன், இந்தத் தடவை நாற்காலியை விட்டு எந்திரிக்கல.

நகரி அண்ணன்
என் கதை சின்னது. தறி டிசைன் பார்க்க பழைய விஜிஏ மானிட்டர். கடையில போய் விஜிஏ-டு-எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் வாங்கிட்டு வந்துட்டேன், எனக்கு வேண்டியது எச்டிஎம்ஐ-டு-விஜிஏ. ஒரு திசையிலதான் வேலை செய்யும், திருப்பிப் போட முடியாது.

டீச்சரம்மா கேபிளைப் பிடுங்கினது வீண். சூப்பர் கீயும் பி-யும் அழுத்தினா மிரர், அதாவது ரெண்டு திரையிலயும் ஒரே காட்சி, போட்டுக்கலாம். தம்பி, நீ பயாஸ்ல செக்யூர் பூட்டை (நம்பாத டிரைவரைத் தடுக்கிற காவலை) அணைச்சிருந்தா தோசையும் சூடா தின்னிருக்கலாம். அப்புறம் எல்லாரும் கேட்டுக்கோங்க: திரை அளவை மாத்துற எக்ஸ்ரேண்டர் கமாண்டை நெட்டுல பார்த்து அடிக்காதீங்க. உபுண்டு லினக்ஸ் 21.04-லேர்ந்து பெரும்பாலும் வேலாண்ட்ங்கிற புதுத் திரை சிஸ்டம்தான் ஓடுது, அதுல எக்ஸ்ரேண்டரால திரையை மாத்த முடியாது. செட்டிங்ஸ்ல அபவுட் போய் 'விண்டோயிங் சிஸ்டம்' பாருங்க. பழைய சிஸ்டமான எக்ஸ் லெவன்னு இருந்தா மட்டும் அடிங்க. பழைய மானிட்டர் 1024×768-லயே நின்னா சிவிடி கமாண்டை ஓட்டி மோட்லைன் (வேண்டிய திரை அளவோட விவர வரி) எடுத்து, எக்ஸ்ரேண்டர்ல நியூமோட், அப்புறம் ஆட்மோட், இந்த வரிசையில. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல திரைகளைக் காட்டுற ரெண்டு பெட்டியையும் மேஜையில மானிட்டர் இருக்கிற பக்கமே இழுத்து வையுங்க. இடப்பக்க மானிட்டருக்கு வலப்பக்கம் மவுஸைத் தள்ற ஆளுங்க எங்க தெருவிலேயே ரெண்டு பேர்.

புளியரைக்காரன்
அண்ணே, இது ஆபீஸ் லேப்டாப். பக்கத்துல விண்டோஸ், டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட உட்கார்ந்திருக்கு. செக்யூர் பூட்டைத் தொட்டா ரிக்கவரி கீ கேக்கும், அது ஆபீஸ்காரங்க கையில. யார்ட்ட போய் நிக்க?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்
மிரர் போட்டா நான் பக்கத்துல திறந்து வச்சிருக்கிற மார்க் லிஸ்டும் சேர்ந்து தெரியும் அண்ணா. அதுக்குத்தான் தனித்தனியா வேணும். அந்தப் பையன் இப்ப நான் கேபிளை எடுத்தாலே முன்னாடி வந்து நிக்கறான்.