இழைக்கு உருவம் கொடுப்பது அயனித் திரவமா, வினையின் போக்கா?

இழைநெய்வோன்:
நுண்துளை அலுமினா சவ்வை வார்ப்பு அச்சாக வைத்து, மின்சாரம் கடத்தும் பாலிமர் இழை வளர்க்கும் காலம் முடிந்துவிட்டது என்பேன். சவ்வைக் கரைக்கச் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால், பச்சையாக இருந்த பாலிஅனிலின் (அத்தகைய பாலிமர்களில் ஒன்று) நீலமாகிக் கடத்துதிறனையே இழக்கிறது. மறுபடி அமிலத்தில் ஊறவைத்து மீட்க வேண்டும். அயனித் திரவத்தில் இந்தத் தொல்லை இல்லை. 100 பாகை செல்சியஸுக்குக் கீழே உருகும் உப்புதான் அது. கரைப்பானும் அதுவே, அச்சும் அதுவே. அதன் எதிரயனி பாலிமருக்குள் புகுந்து மாசூட்டியாகவும், அதாவது கடத்துதிறன் தரும் கலப்பாகவும், அமைகிறது.

கரைப்பான்:
'அச்சும் அதுவே' என்பதை ஏற்க முடியவில்லை. வேதியியலாளர் ரிச்சர்ட் கானரின் குழுவினர் எந்த அச்சும் இல்லாமல், அமிலம் கலந்த நீரிலேயே பாலிஅனிலின் நுண்ணிழைகளை எடுத்துக் காட்டினார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அவற்றின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். முதலில் தோன்றிய இழையின் மேல் மறுவளர்ச்சி, அதாவது பின்னர் உருவாகும் பாலிமர், படியாமல் தடுத்தாலே போதும். இழையாவது அந்தப் பாலிமரின் இயல்பு. அயனித் திரவங்களில் அயனிகளின் கார்பன் சங்கிலி வால்கள் ஒன்றுகூடித் திட்டுகளாவது உண்மைதான். ஆனால் அவை ஓரிரு நானோமீட்டர் அளவே. அவ்வளவு சிறிய திட்டு, அதைவிடப் பல மடங்கு தடித்த இழையை எப்படி வார்க்கும்? நீரைவிடப் பல மடங்கு பாகான திரவத்தில் மூலக்கூறுகள் மெல்ல நகர்கின்றன, மறுவளர்ச்சி குறைகிறது. எனக்குத் தெரிவது அவ்வளவே.

இழைநெய்வோன்:
குட்டை வால் கொண்டவற்றுக்கு உங்கள் வாதம் பொருந்தலாம். இமிடசோலியத்தில், அதாவது இத்திரவங்களில் பரவலாக உள்ள நேரயனியில், 12 அல்லது 16 கார்பன் வால் இருந்தால் கதை வேறு. நீரில் அது சோப்பைப் போல மைசெல் எனும் நுண்திரளைக் கட்டுகிறது; பாலிபைரோலின் மூலப்பொருளான பைரோல் அதற்குள் போய் அமர்கிறது. ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் குளோரைடு அயனியோடு இணைந்து டெட்ராகுளோரோஃபெரேட் எனும் எதிரயனி உருவாகிறது; நேர்மின் மைசெல் அதை ஈர்க்கிறது. அதாவது பைரோலைப் பாலிமராக்கும் ஆக்சிஜனேற்றி மைசெல்லின் விளிம்பிலேயே வந்து நிற்கிறது. இதை வெறும் பாகுநிலை என்று தள்ளிவிட முடியாது.

கழுவுமேடை:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். அயனித் திரவம் எளிதில் ஆவியாகாது. கழுவித்தான் போக்க வேண்டும். நான் பாலிபைரோலை மூன்று நாள் எத்தனாலில் கழுவினேன், அகச்சிவப்பு நிறமாலையில் இமிடசோலியம் அப்படியே இருந்தது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டை எதிரயனியாகக் கொண்ட வகையென்றால் ஈரத்தில் சிதைந்து, கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும். தயவுசெய்து கண்ணாடிக் குடுவையில் சூடாக்காதீர்கள்.

கரைப்பான்:
மைசெல் வாதத்தை ஏற்கிறேன் ஐயா. ஆனால் அது திரவமாக இருப்பதால் விளைந்ததல்ல, சோப்பாக இருப்பதால் விளைந்தது. அதே 16 கார்பன் வாலுள்ள சாதாரண அம்மோனியம் உப்பை, அதே செறிவில் போட்டுப் பாருங்கள்.

இழைநெய்வோன்:
அந்த ஒப்பீட்டை நான் செய்ததில்லை. செய்கிறேன். இரண்டின் நுண்ணோக்கிப் படங்களையும் இங்கேயே பக்கத்தில் பக்கத்தில் இடுகிறேன்.