வீட்டில் ஒருவருக்குக் கோவிட் இருக்கும்போது குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி (இரண்டு குழந்தைகளின் தாய்)

வணக்கம். என் கணவருக்கு முந்தாநாள் காய்ச்சலும் தொண்டை வலியும் தொடங்கின. நேற்று மாலை வீட்டிலேயே செய்த ஆன்டிஜென் பரிசோதனையில் கோவிட் என்பது உறுதியாகிவிட்டது. அவர் தனி அறையில் இருக்கிறார்; உணவைக் கதவருகே வைத்துவிட்டு வருகிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கும் மழலையர் வகுப்பில் இருக்கும் மகனுக்கும் இந்த நேரம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அவர்கள் இருவருக்கும் நேற்றே பரிசோதித்தேன். தொற்று இல்லை என்றுதான் காட்டியது.

இவர்களை நாளை பள்ளிக்கு அனுப்பலாமா, கூடாதா என்பதுதான் என் கேள்வி. பள்ளி அலுவலகத்தில் விசாரித்தபோது, இப்போது இதற்கென்று தனி விதி எதுவும் இல்லை, பெற்றோரே முடிவெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உறவினர்களில் சிலர் இதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல்போல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வேறு சிலரோ, வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் எல்லோரும் 14 நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்று இன்றும் உறுதியாகச் சொல்கிறார்கள். மகளுக்கு அடுத்த வாரம் தேர்வு தொடங்குகிறது. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் தோழியின் வீட்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்பைக் காரணமில்லாமல் கெடுக்கவும் மனமில்லை. இன்னொரு வீட்டில் நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (பொதுச் சுகாதாரப் பணியில் உள்ள செவிலியர்)

அம்மா, உங்கள் உறவினர்கள் சொல்லும் 14 நாள் கணக்கு ஆதாரமற்றதன்று. 2020-இல் பெரும்பாலான நாடுகளில் அதுவே விதியாக இருந்தது. அன்று பரவிய வைரஸ் உடலுக்குள் புகுந்தபின் அறிகுறி தென்படச் சராசரியாக ஐந்தாறு நாள்களும், சிலருக்கு 14 நாள்கள் வரையும் ஆயின. தடுப்பூசியும் கிடையாது, முன்பே நோய் கண்டு தேறியவர்களும் மிகக் குறைவு என்ற நிலையில், அந்த உச்ச வரம்பையே எல்லோருக்கும் பொதுவாக விதித்தார்கள். அதன்பின் நிலைமை படிப்படியாக மாறியது. இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், 2020 டிசம்பரில் அந்தக் காலம் 10 நாளாகக் குறைந்தது. 2021 ஆகஸ்ட் 16 முதல், தொற்றாளருடன் பழகிய சிறுவர்கள் தனிமையில் இருக்க வேண்டியதில்லை என்றார்கள். 2022 ஏப்ரல் 1-இல் வந்த வழிகாட்டுதல், தொற்று உறுதியானவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் குழந்தைகள் வழக்கம்போல் பள்ளிக்குச் செல்லலாம் என்றும், பரிசோதனையில் குழந்தைக்கே தொற்று தெரிந்தால் மட்டும் அந்த நாளுக்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்றும் கூறியது. அமெரிக்காவில் 2024 மார்ச் 1 முதல், மற்றச் சுவாச நோய்களுக்கும் கோவிடுக்கும் ஒரே பொது அறிவுரைதான்: உடல்நலம் குன்றியவர் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் பகுதியின் சுகாதாரத் துறை வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், அறிகுறி இல்லாத குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது இன்றைய பொது நடைமுறைக்கு மாறானதன்று.

அதே சமயம், வீட்டுக்குள் இந்நோய் எளிதில் தொற்றுவதில்லை என்று கண்டறிந்து விதிகளைத் தளர்த்தவில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஓமிக்ரான் என்னும் கோவிட் வகை பரவியபோது வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒருவருக்கு வந்தபின் அதே வீட்டில் இருந்த மற்றவர்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேருக்குத் தொற்றியிருக்கிறது. கடுமையாக நோயுறுபவர்கள் குறைந்தார்கள், எதிர்ப்பாற்றல் பரவலாயிற்று, பள்ளி நாள்களை இழப்பதால் குழந்தைகளுக்கு விளையும் கேடும் கண்கூடாகத் தெரிந்தது. இவற்றையெல்லாம் எடைபோட்டே தளர்த்தினார்கள். ஆகவே உங்கள் குழந்தைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு கணிசமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பதே சரி.

நேற்றுச் செய்த பரிசோதனையை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். ஓமிக்ரான் வழிவந்த வகைகளில் அறிகுறி தோன்ற மூன்று நாள் அளவு ஆகிறது. அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் பிறருக்குத் தொற்றைக் கொடுக்க முடியும். உங்கள் கணவருக்கு முந்தாநாள் காய்ச்சல் தொடங்கியது என்றால், அதற்கு முந்தைய நாளே குழந்தைகள் அவர் மூச்சுக்காற்றின் எல்லையில் இருந்திருப்பார்கள். ஆன்டிஜென் பரிசோதனை, வைரஸ் போதிய அளவு பெருகிய பிறகே கோடு காட்டும். அதனால் அறிகுறி இல்லாதவருக்கு 48 மணி நேர இடைவெளிகளில் மூன்று முறை செய்யச் சொல்கிறார்கள். கோடு எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும், உரிய நேரத்துக்குள் தெரிந்தால் அது தொற்றுதான். இன்னொன்று: வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடும் பிசிஆர் பரிசோதனை, குணமான பின்பும் வாரக்கணக்கில் தொற்று என்றே காட்டக்கூடும் என்பதால், பள்ளிக்குத் திரும்பலாமா என்பதை அதைக்கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

பதில் 2 (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

மேலே செவிலியர் கூறியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே விடையைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் வகுப்பறையில் அவர்கள் இருக்கும் நிலை முற்றிலும் வேறு. ஏழாம் வகுப்பு மாணவிக்கு நன்றாகப் பொருந்தும் முகக்கவசம் ஒன்றைக் கொடுத்து, அதைக் கழற்ற நேரும் சாப்பாட்டு வேளையில் திறந்த வெளியிலோ சன்னல் அருகிலோ சற்றுத் தள்ளி உட்காரும்படி சொன்னால் அவள் புரிந்துகொண்டு செய்வாள். மழலையர் வகுப்பில் அப்படி எதுவும் நடக்காது. ஒருவர் மடியில் ஒருவர் சாய்வதும், ஒரே பொம்மையை வாயில் வைப்பதும், அழுதால் ஆசிரியை தூக்கி வைத்துக்கொள்வதும் அந்த வகுப்பின் இயல்பு. அவற்றைத் தடுக்கவும் கூடாது. அந்த வயதில் சில நாள் பள்ளிக்குப் போகாததால் இழப்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மகனைச் சில நாள் நிறுத்திவைக்கலாம் என்பதே என் கருத்து. ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் பெற்றோரை நான் நாள்தோறும் பார்க்கிறேன், அறிகுறி இல்லாத குழந்தையை அவர்கள் அனுப்புவதைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு உண்மையில் துன்பம் தருவது வேறொன்று. காலையில் உடம்பு சுட்ட குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மருந்தின் வீரியம் நான்கைந்து மணி நேரத்தில் குறைந்ததும், மதிய வேளையில் அந்தக் குழந்தை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. அதற்குள் வகுப்பு முழுவதும் அதன் பக்கத்தில் இருந்தாயிற்று. தொலைபேசியில் அழைத்தாலும் யாரும் எடுப்பதில்லை. அனுப்புவது என்று நீங்கள் முடிவு செய்தால், காலையில் எழுந்தவுடன், எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன், காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டா என்று பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருந்தாலும் அனுப்ப வேண்டாம். இடையில் அழைத்தால் உடனே வந்து கூட்டிப்போக ஒருவர் ஆயத்தமாக இருக்கட்டும். வகுப்பு ஆசிரியரிடம் உங்கள் வீட்டு நிலைமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்தால் நாங்கள் சன்னல்களைத் திறந்து வைப்போம், அவளை வேறு இடத்தில் உட்கார வைப்போம், எங்களில் கருவுற்றிருப்பவர்கள் சற்றுக் கவனமாக இருப்பார்கள்.

பதில் 3 (நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்ளும் சிறுமியின் தந்தை)

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு என் மகள் தினமும் அத்தகைய மருந்துகளை எடுத்துக்கொள்கிறாள். அதனால் உங்கள் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் வீட்டார் எந்த மனநிலையில் நாள்களைக் கடத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். முந்தைய இரண்டு பதில்களிலும் அறிகுறி இல்லாமை ஓரளவு பாதுகாப்பாகக் கருதப்படுகிறது. அறிகுறிக்கு முன்பே தொற்றைப் பரப்ப முடியும் என்று செவிலியரே கூறியிருக்கும்போது, பார்வைக்கு நன்றாக இருக்கிறாள் என்பதை மட்டும் வைத்து முதல் வாரத்தில் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வாரத்தில்தான் வாய்ப்பு மிகுதி.

இருந்தாலும், எல்லாக் குழந்தைகளும் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் மகளுக்காக ஒரு வகுப்பே நின்றுபோக வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது என்று நானும் என் மனைவியும் நெடுநாள் முன்பே பேசி முடிவு செய்துவிட்டோம். நாங்கள் எதிர்பார்ப்பது தகவலை மட்டும்தான். வாய்வழி எதிர்வைரஸ் மருந்தான நிர்மட்ரெல்விரை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதோடு சேர்த்துத் தரப்படும் ரிட்டோனாவிர் என்ற மருந்து, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடக்கூடியது என்பதால், மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு அதைக் கொடுக்கலாமா, வேறு மருந்து தேடலாமா என்று மருத்துவர் யோசித்து முடிவெடுக்க நேரம் வேண்டும். பக்கத்து இருக்கையில் தொற்றுக்கு வாய்ப்பு உண்டு என்று ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் அந்த ஒரு நாள் எங்களுக்குக் கிடைக்கிறது. பள்ளிக்குச் சொல்வதோடு நின்றுவிடாமல், அந்தத் தோழியின் தாயிடம் நேரடியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், சகோதரி. தடுப்பூசி போட்டிருந்தும் இப்படிப்பட்டவர்களின் உடலில் எதிர்ப்பாற்றல் குறைவாகவே உருவாகிறது என்பதால், அந்த ஒரு வார்த்தையின் பயனை நீங்கள் குறைவாக மதிப்பிட வேண்டாம்.

பதில் 4 (மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டின் மருமகள்)

பள்ளியைப் பற்றிய யோசனையோடு, வீட்டுக்குள் தொற்றைக் குறைப்பதற்கும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். குழந்தைகள் கணவரோடு ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால், நீங்கள் போடும் நாள் கணக்கு ஒவ்வொரு நாளும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அவருடைய அறைச் சன்னல் திறந்தே இருக்கட்டும். கழிப்பறைக்கு வரும்போது அவர் என்95 முகக்கவசம் அணியட்டும், அவர் போய் வந்தபின் அங்கே காற்று வெளியேறச் சிறிது நேரம் விடுங்கள். அவருக்கு வேண்டியதைச் செய்பவர் ஒருவராகவே இருக்கட்டும். தரையையும் கைப்பிடிகளையும் துடைத்துக்கொண்டே இருப்பதைவிடக் காற்றோட்டம்தான் முதன்மையானது. ஒரே அறை உள்ள வீட்டில் இவை எல்லாம் முடியாது என்பது உண்மைதான். அங்கேயும் சன்னலும் முகக்கவசமும் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுப்பதும் ஓரளவு கைகொடுக்கும்.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. மகனை நான்கைந்து நாள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன். மகளை முகக்கவசத்தோடு அனுப்பலாம் என்றும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பரிசோதிக்கலாம் என்றும் நினைத்திருந்தேன். தோழியின் தாயிடம் தொலைபேசியில் பேசினேன். சொன்னதற்கு நன்றி என்றார், அவர்கள் மருத்துவரிடமும் தெரிவித்துவிட்டார்களாம், மகளை வேறு இருக்கைக்கு மாற்றினால் போதும் என்று அவரே சொன்னார். ஆனால் இன்று காலை மகளுக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை, பரிசோதனையிலும் தொற்று இல்லை என்றே வருகிறது. தேர்வுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள். இப்போது என்ன செய்யட்டும்?

பதில் 5 (முதலில் பதிலளித்த செவிலியர்)

இன்று அனுப்ப வேண்டாம். வீட்டில் தொற்றாளர் இல்லாத குழந்தைக்கு லேசான மூக்கொழுகல் என்றால் அனுப்பலாம் என்பேன். தொற்றாளர் இருக்கும் வீட்டில் புதிதாகத் தோன்றும் எந்த அறிகுறியையும், வேறு காரணம் தெரியும் வரை, கோவிட் என்றே கொள்ள வேண்டும். 48 மணி நேரம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். தொற்று என்று வந்தாலும் வராவிட்டாலும், திரும்பிப் போவதற்கு நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற அறிகுறிகள் குறைந்துகொண்டே வர வேண்டும். அதன் பின்னும் ஐந்து நாள் முகக்கவசம் அணியட்டும். அவள் உறங்கும் இடத்தையும் முற்றிலும் பிரித்துவிடுங்கள்.

தேர்வைப் பற்றி இன்றே தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். தேர்வு நாளன்று காலையில் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, முன்கூட்டியே தெரிவித்தால் மறுதேர்வுக்கோ தனி அறைக்கோ வழி செய்யப் பெரும்பாலும் முன்வருவார்கள். மகள் அழுவதை அலட்சியம் செய்யாமல், தோழி வீட்டில் இருப்பவரின் நிலையை அவளுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் காரணம் தெரிந்தால் பெரியவர்களைவிட நேர்மையாக நடந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்காதீர்கள், குழந்தைகளுக்கு அது ரேய் நோய்க்கூறு என்னும் அரிய, ஆனால் கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடும். மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போனாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தொற்று ஏற்பட்டு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்று வலி ஆகியவை சேர்ந்து வந்தால், முன்பு கோவிட் தொற்றுக்கு ஆளானதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி மிகச் சில குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில்தான் வெளிப்படுகிறது.